“கண்ணை மட்டும் விட்டுடுங்க” – உறுப்பு தானத்தில் பாதி சம்மதம் என்றால் பாதி தானமா?

ஓம் சரவணபவ.

போன கிருத்திகை அன்று நம்ம குரூப்பில் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: “அண்ணா, உறுப்பு தானம் பண்ணா அடுத்த ஜென்மத்துல அந்த உறுப்பு இல்லாம பிறப்போம்னு எங்க பாட்டி சொல்றாங்க. நிஜமா? அப்படியே கொடுத்தாலும் ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கணுமா, இல்ல எல்லாத்தையும் எடுக்க விடலாமா?”

முதல் பாதிக்குப் பதில் சுலபம். நாம் உடம்பை எரிக்கிறோம். அதில் கண்ணும் தப்பாது, இதயமும் தப்பாது. சில மணி நேரத்தில் எல்லாம் ஒரு பானைச் சாம்பல். இல்லாமல் போன உறுப்போடுதான் மறுபடி பிறக்க முடியாது என்றால், எரித்தவர்கள் யாரும் மறுபடி பிறக்கவே முடியாதே! பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்க, சிரித்துவிடுவார்.

இரண்டாவது பாதிதான் என்னை விடவில்லை. “ஒண்ணு ரெண்டு ஓகே, எல்லாமேவா?” நம்மில் நிறைய பேர் மனசில் இருக்கிற தயக்கம் இதுதான். ஒரு கிட்னி என்றால் தானம் மாதிரி இருக்கிறது. இதயம், நுரையீரல், கல்லீரல், கணையம், இரண்டு கிட்னி, குடல், கண், தோல் என்று பட்டியல் நீண்டால் ஏதோ வண்டியைப் பிரித்துப் போடுகிற மாதிரி நெஞ்சு பதறுகிறது. இந்தப் பதற்றம் வெறும் மூடநம்பிக்கையா, அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? இதைத்தான் இன்றைக்கு யோசிக்கப் போகிறோம்.

நான் டாக்டர் இல்லை. கோடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில், என்ன நடக்கிறது?

சாலை விபத்தில் தலையில் பலமான அடி. மூளை வீங்குகிறது. மண்டை ஓட்டுக்குள் வீக்கத்துக்கு இடம் இல்லை. அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் மூளைக்கு ரத்தம் போவதே நின்றுவிடுகிறது. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டும் செத்துவிடுகிறது. ஆனால் வென்டிலேட்டர் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். இதயத்துக்குத் தன்னாலே துடிக்கிற சக்தி உண்டு, ஆக்சிஜன் வருகிற வரை துடிக்கும். அதனால் நெஞ்சு ஏறி இறங்கும், கை சூடாக இருக்கும். இதுதான் மூளைச்சாவு. கோமா வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது, சிலர் திரும்பி வருகிறார்கள். மூளைச்சாவிலிருந்து திரும்ப வழி இல்லை.

இதை ஒரே டாக்டர் சொல்லிவிட முடியாது. 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சொல்ல வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்யப்போகிற டீமில் இருப்பவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விடுவார்கள், தொண்டையைத் தூண்டுவார்கள். கடைசியாக வென்டிலேட்டரை நிறுத்தி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறாரா என்று பார்ப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து இதே சோதனைகளை மறுபடி ஒரு தடவை செய்வார்கள்.

அதன் பிறகுதான் வீட்டாரிடம் கேட்பார்கள். விபத்து என்றால் போலீஸ் அனுமதியும் வேண்டும். சம்மதம் கிடைத்ததும் காத்திருப்போர் பட்டியலில் யார் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கிறார்கள். நம் மாநிலத்தில் இதை டிரான்ஸ்டான் என்ற அரசு அமைப்பு செய்கிறது. ரத்த வகை, உடம்பின் அளவு, எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறார் என்பதையெல்லாம் பார்த்து முடிவாகும்.

அதற்குள் ஐசியூவில் இன்னொரு போராட்டம். மூளை கட்டுப்படுத்தாததால் ரத்த அழுத்தம் சரியும், உடம்புச் சூடு குறையும், சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும். இறந்துவிட்டார் என்று அறிவித்த பிறகும் நர்சுகள் ராத்திரி முழுக்க அந்த உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், முகம் தெரியாத வேறு சிலருக்காக.

ஆபரேஷன் தியேட்டரில் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த டீம்கள் ஒரே மேஜையைச் சுற்றி நிற்கும். எல்லா உறுப்பையும் முதலில் பார்த்துத் தயார் செய்துகொள்வார்கள். பிறகு பெருந்தமனியை அடைத்து, குளிர்ந்த திரவத்தை உறுப்புகளுக்குள் செலுத்துவார்கள். அந்த நிமிஷம் இதயம் நிற்கும். மயக்க மருத்துவர் வென்டிலேட்டரை அணைப்பார். இதயம், நுரையீரல் முதலில் வெளியே வரும், அடுத்து கல்லீரல், கணையம், கடைசியில் கிட்னிகள். இந்த வரிசைக்குக் காரணம் நேரம். இதயம் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் தாங்கும். கல்லீரலுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் உண்டு. கிட்னி ஒரு நாள் வரைகூடத் தாங்கும். எல்லாம் முடிந்ததும் சாதாரண ஆபரேஷனுக்குப் போடுவது போலத் தையல் போட்டு, துடைத்து, வீட்டாரிடம் ஒப்படைப்பார்கள்.

ஒருவரிடமிருந்து 8 பேர் வரை உயிர் பெறலாம் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் பைக் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சென்னை டிராஃபிக்கில் சுமார் 11 நிமிடத்தில் போய், 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. ‘டிராஃபிக்’, ‘சென்னையில் ஒரு நாள்’ படங்கள் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்ற பேச்சு வீட்டு ஹாலுக்குள் வந்தது அந்தப் பையனால்தான்.

ஸ்பேர் பார்ட்ஸா நாம்?

எங்கள் தொழிலில் ஒரு பழைய சர்வர் செத்துப்போனால் அதிலிருந்து ராம், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போடுவோம். யாரும் அழுவதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் அதே வேலைதானே என்று தோன்றும். உங்கள் நெஞ்சு பதறுவதும் அதனால்தான். மனுஷனை மெஷின் ஆக்கிட்டாங்களே என்ற பதற்றம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்க. சர்வரிடமிருந்து எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இங்கே கேட்காமல் ஒரு நகத்தைக்கூட எடுக்க முடியாது. அந்த ஒரு கேள்வி, அதற்கு வருகிற ஒரு பதில், அதுதான் ‘எடுத்தார்கள்’ என்பதை ‘கொடுத்தார்கள்’ என்று மாற்றுகிறது. கத்தி அதேதான், தையலும் அதேதான். கேட்டார்களா, மனசார சொன்னார்களா என்பதில்தான் தர்மம் இருக்கிறது. எத்தனை உறுப்பு என்ற எண்ணிக்கையில் இல்லை.

உடம்பே கோயில் என்கிற மரபில் வந்தவர்கள் நாம். அப்போ கோயிலை இடிக்கலாமா என்று கேட்பீர்கள். கோயில் திருப்பணி நடக்கும்போது என்ன செய்கிறோம்? பாலாலயம் செய்கிறோம். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி வேறு இடத்தில் எழுந்தருளச் செய்த பிறகுதான் ஸ்தபதி கல்லைத் தொடுகிறார். அதற்கு முன்னால் தொட்டால் அபசாரம். அதற்குப் பின்னால் தொடுவது திருப்பணி. கல் அதே கல், உளி அதே உளி. பழைய கோயில்களில் கவனித்திருப்பீர்கள், வேறு ஏதோ கட்டடத்தில் இருந்த கல்வெட்டுக் கல், பாதி எழுத்தோடு, இன்னொரு மண்டபத்தின் சுவரில் இருக்கும். அந்தக் கல் இன்னும் ஒரு கூரையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் ‘எல்லாத்தையும் எடுக்கிறது பாவமா’ என்பதற்கு என் பதில்: உள்ளே இருந்தவர் போய்விட்டார் என்பது உறுதி என்றால், கேட்டு வாங்கினால், பாவம் இல்லை.

அந்த ‘உறுதி’யில் சந்தேகம் வந்தால்?

இந்தச் சந்தேகத்தைக் கிண்டல் செய்யக் கூடாது. மகனின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கும் அம்மாவிடம், “அவன் போய்ட்டான்” என்று சொன்னால் உடனே நம்ப அவள் என்ன மெஷினா?

அதோடு, மூளைச்சாவுதான் சாவு என்ற வரையறை ரொம்பப் பழையதும் இல்லை. 1968-ல் ஹார்வர்டில் ஒரு குழு இதை வகுத்தது. அதற்கு முந்தைய வருஷம் டிசம்பரில்தான் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்று ஆபரேஷனைச் செய்திருந்தார். உறுப்பு தேவைப்படுகிறது என்பதற்காகச் சாவின் எல்லையை நகர்த்துகிறீர்களா என்று ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவ அறிஞர் அப்போதே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில், அறிவிக்கிறவர் வேறு, எடுக்கிறவர் வேறு என்ற சுவரைக் கறாராகக் காப்பதுதான்.

அந்தச் சுவரில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். 1968 ஆகஸ்டில் சப்போரோ நகரில் ஜூரோ வாடா என்ற மருத்துவர் அந்த நாட்டின் முதல் இதய மாற்றைச் செய்தார். தண்ணீரில் மூழ்கிய ஓர் இளைஞரின் இதயம் அது. இதயத்தைப் பெற்றவர் மூன்று மாதத்துக்குள் இறந்துவிட்டார். கொடுத்தவர் நிஜமாகவே இறந்திருந்தாரா, யார் சோதித்தது என்ற கேள்வி கிளம்பியது. போலீஸ் புகார், விசாரணை வரை போனது. வழக்குத் தொடரப்படவில்லை. ஆனால் மக்களின் நம்பிக்கை போய்விட்டது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க வழிசெய்யும் சட்டம் அங்கே வந்தது 1997-ல். அந்தச் சட்டப்படி முதல் இதய மாற்று நடந்தது 1999-ல். ஒரு சந்தேகத்தின் விலை முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் காத்திருந்து செத்தவர்களை நினைத்துப் பாருங்க.

அதனால் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாமா, ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்வீர்களா என்று ஒரு குடும்பம் கேட்டால் அது அவநம்பிக்கை இல்லை. இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுகிற கேள்வி அது.

ஒரு வராண்டாவில் கேட்டது

என் கல்லூரி நண்பனின் அண்ணன் டூ வீலரில் போகும்போது அடிபட்டு மூளைச்சாவு அடைந்தார். நாங்கள் நாலைந்து பேர் ஐசியூவுக்கு வெளியே இருந்தோம். ஒருங்கிணைப்பாளர் அக்கா ஒருவர் வந்து தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். அப்பா தலையாட்டினார். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“கிட்னி எடுத்துக்கோங்கம்மா. ஈரல் எடுத்துக்கோங்க. நெஞ்சும் வேணும்னா எடுத்துக்கோங்க. கண்ணை மட்டும் விட்டுடுங்க.”

அந்த அக்கா, “சரிம்மா” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்சம் தள்ளி நின்ற உறவினர் ஒருவர் எங்களிடம் மெல்ல, “இவ்ளோ கொடுத்தாச்சு, கண்ணுல என்ன இருக்கு? ரெண்டு பேருக்குப் பார்வை வருமே. அரைகுறையா ஏன் செய்யணும்?” என்றார்.

‘அரைகுறை’ என்ற அந்த வார்த்தை என் மனசில் தைத்துக்கொண்டது. அது சரியான வார்த்தையா?

கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பில்லை. கண்ணில் எடுப்பது பல இடங்களில் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற படலம் மட்டும்தான். முகம் மாறாது. சாதாரணமாக வீட்டில் இறந்தவரிடமிருந்தும் 6 மணி நேரத்துக்குள் எடுக்கலாம். எல்லா உறுப்பிலும் கொடுக்கச் சுலபமானது கண்தான். இறந்தவருக்கு வலி இல்லை. யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் அம்மாவுக்கு. கிட்னியை யாரும் பார்த்துக் கொஞ்சியதில்லை. கல்லீரலுக்கு மை வைத்து திருஷ்டிப் பொட்டு வைத்ததில்லை. அந்தக் கண்ணைத்தான் 28 வருஷம் பார்த்தாள். பசிக்கிறதா, பொய் சொல்கிறானா, காய்ச்சலா, எல்லாவற்றையும் அதில்தான் படித்தாள். ஆஸ்பத்திரிக்கு அந்த உடம்பு ஒரு பட்டியல். பட்டியலாக இருந்தால்தான் 8 பேரைக் காப்பாற்ற முடியும், அதில் குற்றம் இல்லை. அம்மாவுக்கு அது ஒரே பிள்ளை. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாக இருந்ததை ஒரே திருமேனியாக ஆக்கியது எது என்று நமக்குத் தெரியும். அன்னையின் அணைப்புதான். பிரித்துப் பார்ப்பது உலகத்தின் வேலை. ஒன்றாகப் பார்ப்பது தாயின் இயல்பு. ஒரே ராத்திரியில், ஒரு வராண்டாவில், அந்த இயல்பை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இன்னொன்றையும் பாருங்க. உறுப்பு தானம் என்றாலே சிபிச் சக்கரவர்த்தி, ததீசி முனிவர், கண்ணப்ப நாயனார் என்று உதாரணம் சொல்வோம். மூவரும் கொடுத்தது தன் சதை, தன் எலும்பு, தன் கண். உயிரோடு, தன் வாயால் சரி சொல்லி. இங்கே நிலைமை வேறு. உடம்பு ஒருவருடையது, சரி சொல்ல வேண்டியவர் இன்னொருவர். பழனியில் என் தலையை நான் மொட்டை அடித்துக்கொள்வது சுலபம். முடி என்னுடையது, திரும்பவும் வளரும். பிள்ளையின் கண்ணைக் கொடு என்று ஒரு தாயிடம் கேட்பதற்குக் கண்ணப்பர் கதை போதாது.

தானமா, வரியா?

வரிக்கும் தானத்துக்கும் வித்தியாசம் என்ன? வரி கட்ட வேண்டியது. குறைத்துக் கட்டினால் பாக்கி நிற்கும். தானத்துக்குப் பாக்கி கிடையாது. நூறு ரூபாய் கொடுத்தவரிடம் “இன்னும் நூறு பாக்கி இருக்கே” என்று கேட்டால், அவர் கொடுத்த நூறையும் நாம் தானமாக வாங்கவில்லை, வசூல் செய்தோம் என்று ஆகிவிடும். அந்த அம்மா கொடுத்தது ஏழில் ஐந்து இல்லை. அவர் கொடுத்தது முழுசு.

சில நாடுகளில் சட்டமே ‘வேண்டாம் என்று சொல்லாதவரை சம்மதம்’ என்று இருக்கிறது. ஸ்பெயினில் 1979 முதல் அப்படி ஒரு சட்டம் உண்டு. உறுப்பு தானத்தில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாடுகளில் ஒன்று அது. ஆனால் அங்கேயும் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அவர்களின் வெற்றிக்குக் காரணமாகப் பலரும் சொல்வது சட்டத்தை அல்ல. 1989-ல் உருவான தேசிய அமைப்பையும், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற மருத்துவ ஒருங்கிணைப்பாளர்களையும்தான். அதிகாரம் கையில் இருந்தும் கேட்டு வாங்குகிற இடத்தில்தான் அதிகம் கிடைக்கிறது.

சரி, மறுபக்கம்? அதையும் மறைக்கக் கூடாது. பட்டியலில் காத்திருக்கிறவரும் ஒரு அம்மாவின் பிள்ளைதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவருக்கு, இதயம் வீங்கி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறவருக்கு, நான் சொன்ன ‘தானத்துக்குப் பாக்கி கிடையாது’ என்ற தத்துவத்தால் என்ன பிரயோஜனம்? வராண்டாவில் ஒருவர் “வேண்டாம்” என்று சொன்னால் எங்கோ ஒருவர் செத்துப்போகலாம். அது உண்மை. ‘வேண்டாம்’ சொன்னவர் கொலைகாரர் இல்லை. ஆனாலும் அந்தச் சாவு சாவுதான்.

அப்படியானால் இந்தப் பாரம் யார் தலையில்? யோசித்துப் பார்த்தால், அந்த ராத்திரியில் இருக்கிறவர்களிலேயே முடிவெடுக்கத் தெம்பு குறைந்தவர் அந்த அம்மாதான். அவரிடம்தான் எல்லாப் பாரத்தையும் வைக்கிறோம். தெம்போடு, நிதானமாக, டீ குடித்துக்கொண்டே முடிவெடுக்கக் கூடியவர்கள் நாம். இந்தப் பதிவைப் படிக்கிற நீங்கள், எழுதுகிற நான். கடமை என்று ஒன்று இருந்தால் அது நம்முடையது. வாய் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். “எங்க பையன் இதைத்தான் கேட்டுக்கிட்டான்” என்றால், அந்த அம்மா பிள்ளையைக் கூறுபோடச் சம்மதித்தவர் ஆகமாட்டார். பிள்ளை சொன்னதை நிறைவேற்றியவர் ஆவார். வலி குறையாது, பாரம் குறையும்.

கிடைப்பது யாருக்கு?

இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: “கொடுக்கிறது நம்மள மாதிரி டூ வீலர் குடும்பம், வாங்குறது காசு உள்ளவங்க. நாம ஏன் கொடுக்கணும்?” இதில் கோபம் மட்டும் இல்லை, விஷயமும் இருக்கிறது. இதயம், நுரையீரல் மாற்றுவதற்கு ஆகும் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. பட்டியல் நேர்மையாக இருந்தாலும், பட்டியலில் பெயர் பதியவே பணம் இருப்பவரால்தான் முடியும் என்றால் அது அரை நியாயம்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அரசு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் உறுப்பு மாற்றும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கின்றன. இன்னும் அடைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நம் உரிமை. கொடுத்தவர்களின் உரிமை என்றே சொல்வேன்.

ஆனால் இந்தக் கோபத்தால் கொடுப்பதை நிறுத்தினால் அரசு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஏழையும் சேர்ந்துதான் சாவார்.

கேப் டவுனில் 1967-ல் இதயம் கொடுத்த பெண்ணின் பெயர் டெனிஸ் டார்வல். கார் மோதி அவரும் அவர் அம்மாவும் ஒரே நாளில் போனார்கள். மனைவியையும் மகளையும் இழந்த அப்பா சில நிமிடங்கள் யோசித்துச் சரி என்றார். இதயம் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்ற மளிகைக்கடைக்காரருக்குப் போனது. அவர் 18 நாள் வாழ்ந்தார். உலகம் இதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அதே பெண்ணின் கிட்னி ஒரு 10 வயதுப் பையனுக்குப் போனது. வெள்ளையரல்லாத பையன். நிறவெறிச் சட்டம் உச்சத்தில் இருந்த தென்னாப்பிரிக்காவில் அந்தப் பெண்ணும் அந்தப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார முடியாது. ஆனால் அவள் கிட்னி அவன் உடம்புக்குள் வேலை செய்தது. அப்போது அங்கே இதைச் சர்ச்சை ஆக்கியவர்களும் இருந்தார்கள்.

நம் ஊரில் ஊருக்குத் தனிச் சுடுகாடு, சேரிக்குத் தனிச் சுடுகாடு என்று இன்னமும் இருக்கிறது. செத்த பிறகும் பிரித்து வைக்கிற நமக்கு, செத்த பிறகு சேர்த்து வைக்கிற ஒரு வழி இது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. ஒரு ஜாதிக்காரரின் இதயம் எந்த ஜாதி நெஞ்சில் துடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது என்ன?

2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல விஷயம். கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை. ‘8 உயிர் காத்த தெய்வம்’ என்று நாம் போடும் ஸ்டேட்டஸைப் பார்த்து, இரண்டு உறுப்பு கொடுத்த குடும்பமோ, கொடுக்க முடியாத குடும்பமோ கூனிக் குறுகக் கூடாது. பாராட்டு, கட்டாயமாக மாறிவிடக் கூடாது.

நான் போன மாதம் வீட்டில் பேசினேன். அம்மா எதிர்பார்த்த மாதிரியே, “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுடா இது, வாயைக் கழுவு” என்று எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழித்து கீரை ஆய்ந்துகொண்டே தானாகக் கேட்டார்.

“எல்லாத்தையும் எடுத்துட்டா, முகத்தைப் பார்க்க விடுவாங்களா?”

“விடுவாங்கம்மா. தைச்சு, முழுசாத்தான் கொடுப்பாங்க.”

“கண்ணு?”

“மூடியிருக்கும்மா. தூங்குற மாதிரிதான் இருக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “சரி. அப்ப என்னோடதையும் கேட்டுக்கோ. எனக்கு கண்ணு எடுத்துக்கட்டும். உள்ள இருக்கிறது எல்லாம் எடுத்துக்கட்டும். தோல் மட்டும் வேண்டாம். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு” என்றார்.

தோலை எடுப்பது எவ்வளவு மெல்லிய படலம், தீக்காயம் பட்டவர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரிந்ததை ஒரே ஒரு தடவை சொன்னேன். “தெரியுதுடா. வேண்டாம்” என்றார். சரி என்று எழுதி வைத்துக்கொண்டேன். அந்த நாள் வந்தால் நான் அதை அப்படியே சொல்வேன், ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல்.

நீங்களும் செய்ய வேண்டியது மூன்றுதான்.

ஒன்று: வீட்டில் பேசுங்க. நோட்டோ இணையதளத்தில் ஆதார் வைத்துப் பதியலாம், டிரான்ஸ்டானிலும் பதியலாம். ஆனால் அந்த நேரம் வந்தால் டாக்டர் கேட்கப்போவது உங்கள் வீட்டாரைத்தான். அவர்களுக்குத் தெரியாத கார்டு வெறும் பிளாஸ்டிக்.

இரண்டு: ‘உறுப்பு தானம் செய்வேன்’ என்று மொத்தமாகச் சொல்லாமல், எது எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்க. இதயம்? கண்? தோல்? எலும்பு? சம்மதப் படிவத்திலும் தனித்தனியாகக் குறிக்கலாம். அந்த ராத்திரியில் வீட்டார் தடுமாறப்போவது இங்கேதான்.

மூன்று: அவர்கள் பதிலையும் கேளுங்க. ஒன்று வேண்டாம் என்றால் விளக்குங்க, வற்புறுத்தாதீங்க.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் எடுக்க விடலாமா? விடலாம் தம்பி, நீ சொல்லிவிட்டுப் போனால். ஒன்று மட்டும் கொடுத்தால் குறையா? இல்லை. மனசாரக் கொடுத்த ஒன்றும் முழுசுதான். பாட்டியிடமும் பேசு. அவர் என்ன சொல்கிறார் என்று குரூப்பில் எழுது.

ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஓட்டுங்க, பின்னால் உட்காருகிறவரும் போடணும். கொடுப்பதற்கு ஆள் குறைந்தால் நல்லதுதான்.

வேலும் மயிலும் துணை.